மூன்று வாரம் கழித்து வாங்க

எங்கள் சோதனை அறையில் மழைச் சத்தம் கேட்டால், யாரோ ஒருவருடைய தசைக்கு நரம்பின் தொடர்பு அற்றுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய ஊசியைத் தசைக்குள் இறக்கிவிட்டு, "கையைத் தளர விடுங்க, ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்போம். நல்ல தசை என்றால் ஒலிபெருக்கி அடங்கிவிடும். நரம்பை இழந்த தசை அடங்காது. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல டிக், டிக், டிக் என்று சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டலும் ஒரே ஒரு தசைநார் தானாகத் துடிப்பது. தோலுக்கு மேலே எதுவும் தெரியாது. காதுக்கு மட்டும் கேட்கும்.

1986-இல் மேற்கு மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை நரம்பையும் தசையையும் மின்சாரம் வைத்துச் சோதிப்பதே என் முதன்மையான வேலை. வருகிறவர்கள் இதைக் "கரண்ட் டெஸ்ட்" என்பார்கள், "நரம்பு டெஸ்ட்" என்பார்கள். பயந்தவர்கள் "ஷாக் வைக்கிற எடம்" என்பார்கள். இத்தனை வருடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இது திரும்ப வந்துருமா?" நான் அதிகம் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "மூணு வாரம் கழிச்சு வாங்க."

அந்தப் பதிலைக் கேட்டு முகம் வாடிப்போனவர்கள் ஏராளம். தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்தவர்களும் உண்டு. அந்த மூன்று வாரக் கணக்கைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆனது. வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும்போது அந்தக் கதையைச் சொல்ல நேரம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

தவளைக் காலில் தொடங்கியது

இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் லூயிஜி கால்வானி என்ற உடற்கூறு ஆசிரியர் இருந்தார். 1780களில் அவருடைய மேசையில் தோலுரித்த தவளைக் கால்கள் கிடந்தன. பக்கத்தில் பொறி பறக்கும் மின் இயந்திரம் ஒன்றும் இருந்தது. உதவியாளர் ஒருவரின் கத்திமுனை தவளையின் நரம்பைத் தொட்ட அதே நேரத்தில் இயந்திரத்தில் பொறி தெறித்தது. செத்த கால் உதறிக்கொண்டது. உயிருள்ளவற்றுக்குள்ளேயே ஒரு மின்சாரம் இருக்கிறது என்று கால்வானி முடிவுசெய்து 1791-இல் நூலாக வெளியிட்டார். பாவியா நகரத்து வோல்ட்டா அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருவேறு உலோகங்கள் ஈரத்தில் சேர்வதால் வரும் மின்சாரம் அது, தவளை அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான் என்றார். அந்த வாதத்திலிருந்துதான் 1800-இல் அவருடைய மின்கல அடுக்கு பிறந்தது. இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் பேட்டரி உடனே உலகத்துக்குக் கிடைத்துவிட்டது. மனித உடம்பின் மின்சாரத்தை அளக்க இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் நடந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். கால்வானியின் மருமகன் முறையான ஜியோவான்னி அல்தினி, 1803 ஜனவரியில் லண்டனில், அப்போதுதான் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபோர்ஸ்டர் என்பவரின் உடலில் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உயிர் போன பின்பும் சில மணி நேரம் தசை மின்சாரத்துக்குப் பதில் சொல்லும் என்று அதிலிருந்து தெரிந்தது. அந்த மனிதருக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. அதுவரை எல்லோரும் கேட்டது மின்சாரத்தைப் பற்றிய கேள்வி. அந்த உடம்புக்கு உரியவரைப் பற்றிய கேள்வி பின்னால்தான் வந்தது.

மனிதர் தானாகத் தசையை இறுக்கும்போது எழும் மின்சாரத்தை முதலில் காட்டியவர் பெர்லினைச் சேர்ந்த எமில் துபுவா-ரேமோன். 1840களில் அவர் தன் கையாலேயே ஒரு கால்வனோமீட்டர் செய்தார். அதில் கம்பி 24,000 சுற்றுகளுக்கு மேல் சுற்றப்பட்டிருந்தது. இரண்டு கையின் விரல்களையும் உப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்து ஒரு கையை இறுக்கினால் முள் அசைந்தது. அசைவு போதவில்லை, தோல் தடுக்கிறது என்று உணர்ந்து, கொப்புளம் எழுப்பித் தோலை நீக்கிவிட்டு மறுபடி அளந்தார். முள் பல மடங்கு நகர்ந்தது. நான் தினமும் ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் தேய்த்துத் துடைத்து, கொஞ்சம் ஜெல் வைத்து எலெக்ட்ரோடை ஒட்டுவேன். "எதுக்குக்கா இந்தத் தேய் தேய்க்கிறீங்க?" என்று கேட்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெர்லின்காரரின் புண்பட்ட கை எனக்கு நினைவுக்கு வரும்.

1850: இரண்டு தவளைகள்

என் மூன்று வாரக் கணக்கின் இரண்டு பாதிகளும் ஒரே வருடத்தில், இரண்டு நாடுகளில், இரண்டு பேர் கையில், தவளைகளின் உதவியால் கிடைத்தவை. அந்த வருடம் 1850.

முதல் பாதி ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டது. நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் யோஹான்னஸ் முல்லர் நம்பினார். மின்னலைப்போல, ஒளியைப்போல அது கணத்தில் பாய்கிறது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் வேலையிலிருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் மிக எளிய வழி ஒன்றைப் பிடித்தார். தவளையின் நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறையும், தசையிலிருந்து தள்ளி இன்னொருமுறையும் தூண்டினார். இரண்டு முறையும் தசை சுருங்க ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டார். கூடுதலாக ஆன நேரம், கூடுதல் தூரத்தைக் கடக்க ஆன நேரம். விடை நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்.

இன்றைக்கும் நாங்கள் செய்வது அச்சு அசலாக இதே கணக்குதான். மணிக்கட்டில் நரம்பைத் தூண்டினால் கட்டைவிரல் தசை 3.5 மில்லி விநாடியில் பதில் சொல்கிறது. முழங்கை மடிப்பில் தூண்டினால் 7.5 மில்லி விநாடி. வித்தியாசம் 4. டேப் வைத்து இடையில் அளந்தால் 220 மில்லிமீட்டர். வகுத்தால் நொடிக்கு 55 மீட்டர். நல்ல நரம்பு. இதே கணக்கில் 30 வந்தால் நரம்பின் உறை எங்கோ கெட்டிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். கணினி இப்போது தானாக வகுத்துக் கொடுத்துவிடுகிறது. நான் மனதுக்குள் ஒருமுறை வகுத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. டேப் ஒரு சென்டிமீட்டர் நழுவினால் விடையும் நழுவும்.

குளிர்ந்தால் நரம்பின் வேகம் குறையும் என்பதையும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பார்த்திருந்தார். ஒரு டிகிரி சூடு குறைந்தால் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகம் குறையும். மார்கழிக் காலையில் டவுன் பஸ்ஸின் ஜன்னலோரம் கையை நீட்டியபடி வந்த ஒரு பாட்டிக்கு நேராகச் சோதனை செய்தால், இல்லாத நோயை இருப்பதாக எழுதிவிடுவோம். அதனால் எங்கள் அறையில் ஒரு பக்கெட் வெந்நீர் எப்போதும் இருக்கும். "முதல்ல கையை இதுல வைங்க பாட்டி, பத்து நிமிஷம்." அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் தங்கள் கதையைச் சொல்லிவிடுவார்கள். பல நேரம் பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் பாதியைக் கண்டவர் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர். தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு, நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்தார். வெட்டிய இடத்துக்குக் கீழே இருந்த பகுதி உடனே சாகவில்லை. சில நாட்கள் முழுதாகவே தெரிந்தது. பிறகு உறை உடைந்து, துண்டு துண்டாகி, மெல்ல மெல்லக் கரைந்தது. வெட்டுக்கு மேலே, உயிரணுவோடு சேர்ந்திருந்த பகுதி பிழைத்திருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்தால்தான் என் தொழிலின் மிக முக்கியமான எச்சரிக்கை கிடைக்கும். மனித நரம்பு முழுதாக அறுந்தாலும், அறுந்த இடத்துக்குக் கீழே மின்சாரம் வைத்தால் முதல் சில நாட்களுக்குத் தசை அழகாகப் பதில் சொல்லும். அசைவுக்கான நரம்பிழைகள் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், உணர்வுக்கானவை சுமார் பத்து நாளிலும்தான் அடங்கும். ஊசியில் மழைச் சத்தம் கேட்க இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். மூன்றாம் நாள் சோதித்தால் செத்துக்கொண்டிருக்கும் நரம்பும் நல்ல நரம்பு போலவே நம்மை ஏமாற்றும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்

சோதனைச் சாலையிலிருந்து இந்த வித்தையை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுவந்தவர் துஷேன். பிரான்சின் கடற்கரை ஊரான பூலோன்-சூர்-மேரில் 1806-இல் பிறந்தவர், கடலோடிகளின் குடும்பம். 36 வயதில் பாரிசுக்கு வந்தார். எந்த மருத்துவமனையிலும் அவருக்குப் பதவி இல்லை. ஃபாரடே 1831-இல் கண்ட தூண்டு மின்சாரத்தில் இயங்கும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாகப் போனார். அதற்கு முன் தசைக்குள் ஊசி குத்தி மின்சாரம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஈரமான எலெக்ட்ரோடுகளைத் தோலின் மேல் சரியான இடத்தில் வைத்தாலே ஒரே ஒரு தசையைத் தனியாகச் சுருங்கவைக்கலாம் என்று அவர் காட்டினார். 1855-இல் அதை நூலாக எழுதினார். முகத்தில் உணர்வற்றுப்போன ஒரு முதியவரின் முகத்தில் தசை தசையாகத் தூண்டி, எது சிரிப்பு, எது பயம், எது வலி என்று புகைப்படங்களோடு 1862-இல் இன்னொரு நூல் வெளியிட்டார். டார்வின் தன் நூலில் அந்தப் படங்களை எடுத்தாண்டார். புகழ்பெற்ற ஷார்க்கோ, நரம்பியலில் தன் குரு என்று அவரைத்தான் சொன்னார்.

சிறுவர்களின் தசை நாளாக நாளாக வலுவிழக்கும் நோய்க்கு இன்றும் துஷேனின் பெயர்தான். அந்த நோயோடு மகனைத் தோளில் சுமந்துவரும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பெயருக்கு உரியவர் யார் என்று அவர்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பதவி இல்லாவிட்டாலும் நோயாளியைக் கைவிடாதவர் என்று சொல்லியிருப்பேன்.

துஷேனின் கண்ணுக்குத் தப்பிய ஒன்றை 1859-இல் ஜெர்மனியின் பயர்லாஹர் பிடித்தார். முகவாதம் வந்த ஒருவரின் முகத்தசை ஃபாரடே மின்சாரத்துக்கு அசையவில்லை. பேட்டரியிலிருந்து வரும் கால்வானிக் மின்சாரத்துக்கு அசைந்தது. அடுத்த சில வருடங்களில் வில்ஹெல்ம் எர்ப் இதை முறையாக ஆராய்ந்து, நரம்பு சிதையும்போது தசையின் பதில் படிப்படியாக எப்படி மாறுகிறது என்று வரையறுத்தார். காரணம் இதுதான். ஃபாரடே மின்சாரம் மிகக் குறுகிய துடிப்புகளாக வருவது. குறுகிய துடிப்புக்கு நரம்பு விழித்துக்கொள்ளும். நரம்பில்லாத வெறும் தசைக்கு அது போதாது. அதற்கு நீண்ட, மெதுவான துடிப்பு வேண்டும். ஒரு தசைக்கு நரம்பு இருக்கிறதா இல்லையா என்று, தோலைக் கிழிக்காமல் சொல்ல முதல்முறையாக ஒரு வழி கிடைத்தது.

1909-இல் லப்பீக் என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கு எண்களால் ஓர் அளவுகோல் கொடுத்தார். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களிடம் ஏட்ரியன் என்ற இளம் ஆங்கிலேயர் அதே வழியில் வளைகோடுகள் வரைந்தார். அந்தக் கோட்டைத்தான் நாங்கள் "எஸ்.டி. கர்வ்" என்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் ஊசிச் சோதனைக் கருவி கிடையாது. குமிழ்கள் வைத்த ஒரு ஸ்டிமுலேட்டர், ஒரு கட்டு கிராஃப் தாள், சீவிய பென்சில், அவ்வளவுதான். 300 மில்லி விநாடித் துடிப்பில் தொடங்கி, தசை லேசாகத் துடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைக் கூட்டிப் புள்ளி வைப்பேன். பிறகு 100, 30, 10, 3, 1 என்று குறைத்துக்கொண்டே போவேன். நரம்புள்ள தசையின் கோடு வயல் வரப்பு மாதிரி நெடுந்தூரம் சமமாகப் போய்க் கடைசியில் ஏறும். நரம்பில்லாத தசையின் கோடு ஆரம்பத்திலேயே மலையேறும். பாதி நரம்பு இருந்தால் நடுவில் ஒரு மடிப்பு விழும்.

வாரத்துக்கு வாரம் ஒரே தாளில் வேறு வேறு நிறத்தில் வரைவேன். சரிந்த கோட்டின் நடுவில் ஒருநாள் அந்த மடிப்பு தென்படும். முகவாதம் வந்தவரின் முகம் இன்னும் கோணலாகத்தான் இருக்கும். கண் இன்னும் மூடாது. நரம்பு வந்துகொண்டிருக்கிறது என்று தாள் மட்டும் சொல்லும். அந்தத் தாளைத் திருப்பிக் காட்டும்போது, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிந்துவிடும்.

போரும் ஊசியும்

1929-இல் அதே ஏட்ரியனும் அமெரிக்கரான டெட்லெவ் பிராங்கும் சேர்ந்து ஒரு ஊசியைச் செய்தார்கள். மருந்து போடும் ஊசியின் குழாய்க்குள் உறையிட்ட மெல்லிய கம்பியைச் செருகி, முனையைச் சமமாகத் தேய்த்துவிட்டார்கள். கம்பிமுனை ஓர் எலெக்ட்ரோடு, ஊசியின் உடல் இன்னொன்று. தசைக்குள் ஒரு சிறிய இடத்தில் நடப்பதை மட்டும் அது பிடித்தது. அந்த மின்சாரத்தை ஒலிபெருக்கிக்கும் கொடுத்தார்கள். கண் தவறவிடும் வித்தியாசங்களைக் காது பிடித்துவிடும் என்று கண்டார்கள். இன்று நாங்கள் பையிலிருந்து பிரித்து எடுக்கும் ஊசியும் அடிப்படையில் அதே ஊசிதான். 1938-இல் டென்னி-பிரவுனும் பென்னிபேக்கரும் தோலுக்கு மேல் தெரியும் துடிப்பு வேறு, நரம்பிழந்த தனி நார்களின் மழைத்துடிப்பு வேறு என்று பிரித்துக் காட்டினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் கை கால் நரம்பு அறுந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். வெட்டித் தைப்பதா, காத்திருப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு கட்டிலிலும் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் செடன் 1943-இல் நரம்புக் காயத்தை மூன்றாக வகுத்தார். முதலாவது, இழை அறாமல் செய்தி மட்டும் தடைபட்டது, வாரங்களில் திரும்பிவிடும். இரண்டாவது, உள்ளிழை அறுந்தும் வெளிக்குழாய் பிழைத்தது. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மெல்ல வளர்ந்து வரும். மூன்றாவது, மொத்தமாக அறுந்தது, தைக்காமல் வராது. அதே ஆக்ஸ்ஃபோர்டில் 1944-இல் வெடலும் உடனிருந்தவர்களும் ஊசிச் சோதனையால் நரம்பின் சிதைவையும் மீட்சியையும் எப்படிக் கண்டறிவது என்று விரிவாக எழுதினார்கள். 1948-இல் ஹோட்ஸும் நண்பர்களும் மனித நரம்பின் வேகத்தை நோயறியும் சோதனையாக ஆக்கினார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸின் தவளைக் கணக்கு நோயாளிக்கு வந்து சேர 98 வருடம் ஆகியிருந்தது. மறு வருடம் லண்டனில் டாசனும் ஸ்காட்டும் உணர்வு நரம்பின் மிக மெல்லிய அலையை, பல பதிவுகளை ஒரே புகைப்படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்து வெளிக்கொணர்ந்தார்கள். 1956-இல் சிம்ப்சன் மணிக்கட்டுக்குள் நசுங்கும் நரம்பு அந்த இடத்தில் மட்டும் தாமதிப்பதைக் காட்டினார். ராத்திரி கை மரத்துத் தூக்கம் கெட்டு எழுந்து உதறுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இன்று எங்களிடம் வரும் பெண்களுக்கெல்லாம் அந்தச் சோதனைதான்.

சோதிக்கும் மின்சாரமே உதவும் மின்சாரமாகவும் மாறியது. பக்கவாதத்தில் பாதம் தொங்கிப்போனவர்களுக்கு 1961-இல் லிபர்சன் ஒரு கருவி செய்தார். செருப்பின் குதிகாலில் ஒரு சுவிட்ச். குதிகால் தரையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் முழங்காலுக்குக் கீழே உள்ள நரம்புக்கு ஒரு தூண்டல். பாதம் தூக்கிக்கொள்ளும், விரல் தரையில் இடறாது.

வேலூரும் மதராஸும்

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் இடம் உண்டு. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன கைகளை அதுவரை அநேகமாக யாரும் சரிசெய்ய முயலவில்லை; சதை அழுகிவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. முழங்கை அருகே நரம்பு தடித்து, உள்ளங்கைத் தசைகள் செயலிழந்தாலும், முன்கையின் பல தசைகள் வலுவோடு இருப்பதை அவர் கவனித்தார். வலுவுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலுக்குக் கொடுத்து, 1948-இல் கைகளைத் திறக்கவைத்தார். எந்தத் தசை பிழைத்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் ஒன்றைக் கடன் வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அத்தகைய கை அறுவைகளைச் செய்தார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை அவரே கட்டியெழுப்பினார். எங்கள் தலைமுறை பிசியோதெரபிஸ்டுகள் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழும்.

சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய நோய் ஒன்றும் இருக்கிறது. இளம் வயதிலேயே கை கால் மெலிந்து, முகத்தசை தளர்ந்து, காதும் மந்தமாகும் ஒரு வகை இயக்க நரம்பு நோய். மற்ற வகைகளைவிட மெதுவாகப் போகும். மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள் 1970-இல் அதை விவரித்தார்கள். உலக நூல்களில் அது இன்றும் "மதராஸ்" வகைதான். அது தென்படும் ஒருவருக்கு ஊசிச் சோதனை செய்யும்போது எனக்கு ஒரு கூடுதல் பொறுப்புணர்வு வரும். நம் ஊர்க்காரர்களைப் பொறுமையாகப் பார்த்த கண்கள் கண்டுபிடித்தது அது.

பதினோரு சென்டிமீட்டர்

ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகன். 19 வயது. வண்டியிலிருந்து விழுந்து மேல்கை எலும்பு நடுவில் முறிந்து, பிளேட் வைத்துச் சேர்த்திருந்தார்கள். எலும்பு கூடிக்கொண்டிருந்தது, மணிக்கட்டு மட்டும் தொங்கியது. விபத்து நடந்த நான்காம் நாள் வேறொரு இடத்தில் எடுத்த நரம்பு ரிப்போர்ட் கையில் இருந்தது. முறிவுக்குக் கீழே மின்சாரம் வைத்து, பதில் வந்ததைப் பார்த்து, "நார்மல்" என்று எழுதியிருந்தார்கள். 25-ஆம் நாள் என்னிடம் வந்தார்கள்.

"நரம்பு நல்லாருக்குன்னு போட்டுருக்குதுங்க. இவன்தான் தூக்க மாட்டேங்கிறானுங்க. முயற்சியே பண்றதில்ல" என்றார் அப்பா. பையன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று வாரமாக வீட்டில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது.

படுக்கவைத்து, முன்கையின் வெளிப்பக்கத் தசையில் ஊசியை இறக்கினேன். மழை பெய்தது. "தம்பி, இப்ப மணிக்கட்டைத் தூக்கப் பாரு" என்றேன். அவன் நெற்றியில் வியர்வை அரும்பியது. மழையில் எந்த மாற்றமும் இல்லை.

அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "மேல மடை உடைஞ்சாலும் வாய்க்கால்ல நிக்கிற தண்ணி நாலு நாளைக்குக் கிடக்குமில்லீங்க? அந்தத் தண்ணியைப் பாத்துட்டு எழுதின ரிப்போர்ட் இது. பையன் முயற்சி பண்றான். முயற்சி போய்ச் சேர வழி இல்ல." அவர் ஒன்றும் பேசவில்லை. டேப்பை எடுத்து, முறிவிலிருந்து மணிக்கட்டைத் தூக்கும் தசைக்கு நரம்பு நுழையும் இடம்வரை அளந்தேன். 11 சென்டிமீட்டர். "நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். நரம்புக் குழாய் முழுசா இருந்தா நாலு மாசத்துல இங்க வந்து சேரணும். வரலைன்னா ஆபரேஷன் பத்தி டாக்டர்கிட்டப் பேசலாம்." மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் கொடுத்தோம். விரல்கள் இறுகிப்போகாமல் இருக்கப் பயிற்சி சொன்னோம். கால்வானிக் மின்சாரமும் வைத்தோம். 1942-இல் முயல்களிடம் அது தசை மெலிவதைத் தாமதப்படுத்தியது. மனிதரிடம் எவ்வளவு பயன் என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் அவன் வந்துபோக அது ஒரு காரணமாக இருந்தது.

நான்காம் மாதம் மறுபடி ஊசி. மழை குறைந்திருந்தது. மணிக்கட்டு இன்னும் தொங்கியபடிதான். "தூக்கப் பாரு தம்பி" என்றேன். ஒலிபெருக்கியில் பட்டென்று ஒரு சத்தம். சின்னது, பிசிறடித்தது, கிழிந்த துணியை உதறியதுபோல. அவன் விட்டான், சத்தம் நின்றது. மறுபடி முயன்றான், மறுபடி வந்தது. புதிதாக வந்து சேர்ந்த நரம்பிழை ஒன்று, கைக்கு எட்டிய நாலைந்து தசைநார்களைப் பிடித்துக்கொண்டு எழுப்பும் முதல் ஓசை அது. ஒரு கையை அசைக்க அதற்கு வலு போதாது. அந்த அசைவுக்கு இன்னும் பல வாரம் இருந்தது.

"அது உன் சத்தம்தான் தம்பி" என்றேன்.

அவன் அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். மெல்ல நடந்து வந்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தார். மகனின் மணிக்கட்டை அவர் பார்க்கவே இல்லை.

"இன்னொருக்காப் பண்ணு சாமி" என்றார்.